அங்கி தைத்துக் கொடுத்த அப்பா

எங்கள் ஊர் சபையில் பிள்ளைகள் பைபிளில் வரும் யோசேப்பின் கதையை நாடகமாகப் போடும்போதெல்லாம் அந்தப் பலவருண அங்கிக்குத்தான் கைதட்டல். யோசேப்புக்கு 17 வயது, நல்ல பையன். அண்ணன்மார் பொறாமைக்காரர்கள், குழியில் தள்ளினார்கள், 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். சரி. அவனுக்கு மட்டும் அந்த அங்கியைச் செய்து கொடுத்த அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு யாக்கோபின் மேல்தான் கோபம்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் செல்லம் கொடுப்பது அவருக்குத் தெரியாத வலி இல்லையே. அவருடைய அப்பா ஈசாக்குக்கு அண்ணன் ஏசா செல்லம், அம்மா ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம். அதன் பலன், அண்ணனுக்குப் பயந்து ஓடிப்போய் 20 வருஷம் தாய்மாமன் லாபானிடம் உழைத்தார். திரும்பி வரும் வழியில் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறார். உடனே குடும்பத்தை வரிசையில் நிறுத்துகிறார் யாக்கோபு: முன்னால் பணிவிடைக்காரிகளும் அவர்கள் தனக்குப் பெற்ற பிள்ளைகளும், அடுத்து மூத்த மனைவி லேயாளும் பிள்ளைகளும், கடைசியில் பிரியமான மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும். வெட்டு விழுந்தால் முதலில் யார் மேல் விழ வேண்டும் என்று அப்பாவே கணக்குப் போட்டுவிட்டார். முன்னால் நடந்த பிள்ளைகளுக்கு அது புரியாமலா இருந்திருக்கும்?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அண்ணன் படிவம் மூன்றோடு (ஒன்பதாம் வகுப்பு) பள்ளியை விட்டுவிட்டு அப்பாவோடு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போனார். சம்பளத்தை அப்படியே அப்பா கையில் கொடுப்பார். தம்பிக்குப் படிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி ஆக்கினால் காலும் ஈரலும் தம்பி தட்டுக்கு, கழுத்தும் முதுகும் அண்ணன் தட்டுக்கு. "படிக்கிற பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே அப்பா எடுத்து வைப்பார். விடிகாலையிலிருந்து மரம் வெட்டிய பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும். பிறகு அப்பாவுக்கு இ.பி.எப். என்ற சேமநிதிப் பணம் வந்தபோது, அது தம்பி ஜோகூர் பாருவில் வீடு வாங்க முன்பணமாகப் போனது. அண்ணனிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

தம்பி கெட்டவன் அல்ல. அண்ணன் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சம். கிறிஸ்துமசுக்கு வந்தாலும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவான். செல்லம் கொடுத்துக் கொடுத்து அப்பா அவனிடமிருந்து ஓர் அண்ணனைப் பறித்துவிட்டார்.

இன்று அப்பா இருப்பது அண்ணன் வீட்டில். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அண்ணனும் அண்ணியும்தான். சாயங்காலமானால் "சின்னவன் கூப்பிட்டானா?" என்று கேட்பார். அண்ணனே நம்பரை அழுத்தி, போனை அவர் காதில் வைப்பார். ஒருநாள் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் பார்க்க வந்திருந்தார். "எனக்குப் பிள்ளைன்னு சொன்னா சிங்கப்பூர்ல வேலை செய்றானே, அவன்தான்" என்றார் அப்பா. அப்போது அண்ணன் குனிந்து அவருடைய கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 42-ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் இதைத்தான் செய்கிறார். மற்ற மகன்களை எதிரே வைத்துக்கொண்டே, யோசேப்பின் கூடப்பிறந்த தம்பி பென்யமீன் ஒருவன்தான் மீதி இருக்கிறான் என்கிறார். அப்படியானால் நாங்களெல்லாம் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 44-ஆம் அதிகாரத்தில் லேயாளின் மகன் யூதா, பென்யமீனை அடிமையாகப் பிடித்து வைக்கப் பார்க்கும் எகிப்து அதிபதிக்கு முன்னால் நிற்கிறார். அதிபதிதான் யோசேப்பு என்று அவருக்குத் தெரியாது. என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று அப்பா சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்கிறார். அந்த இரண்டு பிள்ளைகளில் தான் இல்லை, அந்த மனைவி தன் அம்மாவும் இல்லை. ஆனாலும், பென்யமீன் வீட்டுக்குப் போகட்டும், அவனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நாடகத்தில் இந்த இடத்தை யாரும் நடித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் கேட்டே விட்டேன். "ஏன்ப்பா, அண்ணன் உங்க பிள்ளை இல்லையா?"

"பெரியவனுக்கு என்ன? அவன்தான் எப்பவும் கூடவே இருக்கானே" என்றார்.

"அதையாவது அவர்கிட்ட சொல்லுங்கப்பா" என்றேன். இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது மறுபடியும் கேட்பேன்.