கல்ச்சர் சுத்தம், கடுப்பு மட்டும் தீரவில்லை: கெட்டமைனும் சிறுநீர்ப்பையும்

வயது இருபது சொச்சம். அரை மணிக்கொரு தரம் கழிவறைக்கு ஓட்டம். போனால் அரை டம்ளர்கூட வராது. கடைசிச் சொட்டில் அடிவயிற்றைப் பிழிகிற வலி, சில நாள் ரத்தம். யூரின் டெஸ்ட்டில் சிவப்பணு, வெள்ளணு எல்லாம் இருக்கும். கல்ச்சரில் கிருமி வளராது. அப்படியும் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், அது கேட்காவிட்டால் இன்னொரு கோர்ஸ். போதைக்காகக் கெட்டமைன் எடுக்கிறவர் அதைச் சொல்ல மாட்டார், மருத்துவருக்கும் கேட்கத் தோன்றாது. சிறுநீர்ப்பை மீளக்கூடிய மாதங்கள் இப்படித்தான் கழிந்துபோகின்றன.

கெட்டமைன் 1970-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. பல ஆண்டுப் பழக்கம் சிறுநீர்ப்பையை அழிக்கும் என்பது மருத்துவ இதழ்களில் வந்தது 2007-ல்தான்: டொராண்டோவிலிருந்து 9 பேர், ஹாங்காங்கிலிருந்து 10 பேர். அடுத்த ஆண்டே ஹாங்காங் மருத்துவர்கள் 59 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குச் சிறுநீரகம் வரை நீர் தேங்கி வீங்கியிருந்தது.

“மனச்சோர்வுக்கே இதைக் கொடுக்கிறார்களே” என்பார்கள். கணக்கைப் பாருங்கள். அங்கே வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மி.கி., 40 நிமிடத்தில் நரம்பு வழியாக. 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி. தெருவில் ஒரு கிராம் என்றால் 1000 மி.கி. மூக்கில் இழுப்பதில் பாதிதான் ரத்தத்தில் சேரும் என்று கழித்தாலும் பதினாறு மடங்குக்கு மேல் நிற்கும். அதுவும் வாரம் இரண்டு முறை அல்ல, தினமும். உடம்பு சீக்கிரம் பழகிவிடுவதால் அளவும் ஏறிக்கொண்டே போகும்.

கல்லீரல் இதை நார்கெட்டமைனாக மாற்றும். மருந்தின் மிச்சமும் அதன் சிதைபொருள்களும் சிறுநீரில் இறங்கிப் பையில் மணிக்கணக்கில் தேங்கும். உட்சுவரின் மெல்லிய பூச்சு உரிந்தால், சிறுநீரின் உப்பு நேரே புண்ணில் படும். அதனால் வரும் அழற்சி நீடித்தால் சுவர் தடித்து, நார் பாய்ந்து, விரியாமல் போகும். 400, 500 மி.லி. கொள்ள வேண்டிய பை 50 மி.லி.யில் நிரம்பிவிடும். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறவர்கள் உண்டு. சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும்.

இதில் ஒரு பொல்லாத சுழல் உண்டு. கெட்டமைன் நல்ல வலிநிவாரணி. பையைப் புண்ணாக்குவதும் அதுதான், அந்த வலியைச் சில மணி நேரம் மறக்க வைப்பதும் அதுதான். போதைக்காக ஆரம்பித்தவர் பிறகு சிறுநீர் கழிக்கவே எடுப்பார். “நிறுத்து” என்று மட்டும் சொல்லி அனுப்புவது இங்கே வேலைக்காகாது. வலிக்கு வேறு வழி முதல் நாளே வேண்டும். ஆனால் இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் விழுங்கக் கூடாது. நீர் தேங்கிய சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு காரியம் செய்யலாம். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்று, ஒரு நோட்டு. மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நேரம், மி.லி., வலி பத்துக்கு எத்தனை, என்ன குடித்தோம் என்று எழுதுங்கள். “அடிக்கடி போகிறது” என்பதைவிட “ஒரு நாளில் 26 முறை, அதிகபட்சம் 70 மி.லி.” என்பது வேகமாக வேலை செய்யும். பிறகு கல்ச்சர், கிரியேட்டினின், சிறுநீரகத்தையும் பையையும் பார்க்கும் ஸ்கேன்; தேவைப்பட்டால் கேமராக் குழாயால் பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி.

கல்லீரல் டெஸ்ட்டையும் விடக் கூடாது. மேல்வயிற்றில் முறுக்கிப் பிடிக்கும் வலியைப் பழகியவர்கள் ‘கே கிராம்ப்ஸ்’ (கே என்றால் கெட்டமைன்) என்பார்கள். அல்சர் என்று நினைத்து மாத்திரை போடுவார்கள். ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருக்கும், கல்லீரல் டெஸ்ட்டில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறியிருக்கும். அடிக்கடி எடுப்பவர்களுக்கு நினைவாற்றலும் குறைகிறது.

சிகிச்சையில் முதலிடம் நிறுத்துவதற்குத்தான். மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஆரம்பக் கட்டத்தில் நிறுத்தியவர்களில் பலருக்குக் கடுப்பு குறைகிறது. பையின் உட்பூச்சுக்குத் துணையாகப் பென்டோசன் என்ற மருந்து 100 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை தருவதுண்டு. ஆண்டுக்கணக்கில் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் சேர்ந்தே வரும். ஹையலுரானிக் அமிலத்தைக் குழாய் வழியே பைக்குள் விடுவதும், சுவரில் போடாக்ஸ் ஊசி போடுவதும் அடுத்த படிகள்.

பை சுருங்கி இறுகிவிட்டால் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டிப் பையோடு தைத்துப் பெரிதாக்குவார்கள். குடல் தன் பழக்கத்தை விடாது, சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். அது அடைக்காமலிருக்கப் பையை உப்புநீரால் கழுவ வேண்டியிருக்கும். பலர் நாள்தோறும் தாங்களே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டிவரும். இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யத் தயங்குவதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல. குடலின் வேலை உறிஞ்சுவது. சிறுநீரில் இறங்கும் கெட்டமைனைத் தைத்த துண்டு திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கும்; சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க்குழாய்கள் சுருங்குவதும் நிற்காது.