எருசலேம் பழைய நகரம்: முதல் முறை போகிறவர்களுக்கு

படங்களில் பார்த்த எருசலேமை மனதில் வைத்துக்கொண்டு யாஃபா வாசலில் நுழைகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மலையும் தெரியாது, திறந்தவெளியும் தெரியாது. இருபுறமும் கடைகள், காலடியில் வழுவழுவென்று தேய்ந்த சுண்ணாம்புக்கல் படிகள். மழை பெய்தால் தோல் செருப்பு வழுக்கிவிடும். ரப்பர் அடி உள்ள ஷூதான் சரி.

மதிலுக்குள் இருப்பது மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த மதிலும் இயேசு காலத்தது அல்ல, 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. "வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்" என்று வேதத்தில் படித்தவர்களுக்கு, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா சந்தைக்கு நடுவே இருப்பது குழப்பமாக இருக்கும். சிலுவைச் சாவுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் யூதேயாவை ஆண்ட ஏரோது அகிரிப்பா வடக்கே புது மதில் எழுப்பத் தொடங்கினார். வெளியே இருந்த இடம் உள்ளே வந்துவிட்டது.

கொல்கொதாவும் இயேசுவின் கல்லறையும் ஒரே கூரைக்குள் இருக்கும் திருக்கல்லறை ஆலயத்துக்கு விடியற்காலையில் கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் கல்லறைக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை நிற்கும். ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் அன்று வேண்டாம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேரே தெரியும் அபிஷேகக் கல்லில், அதாவது இயேசுவின் உடலை அடக்கத்துக்குத் தயார் செய்ததாகச் சொல்லும் கல்லில், நின்றுவிடுவார்கள். அந்தப் பலகைக்கல் 1810இல் வைத்தது. அங்கே நேரம் போக்காமல் வலப்புறம் செங்குத்தான படி ஏறினால் கல்வாரி, கொல்கொதாவின் இன்னொரு பெயர். கிரேக்கர்களின் பீடத்துக்கு அடியில் முழந்தாளிட்டுத் துளைக்குள் கையை விட்டால் பாறை விரலில் படும். பிறகு இறங்கிக் கல்லறைக்கு. உள்ளறையில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு பேர்தான் நிற்கலாம். வாசல் மிகத் தாழ்வு, தலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து போங்கள். அரை நிமிஷத்தில் துறவி வெளியே வரச் சொல்லிவிடுவார். ஜெபத்தை வரிசையிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெரும்பாலானோர் தவறவிடுவது கல்லறைக்குப் பின்புறம் இருக்கும் சிரியத் திருச்சபையின் சிற்றாலயம். புகை படிந்த சுவரில் ஒரு பொந்து. அதற்குள் பாறையில் நீளவாக்கில் குடைந்த முதல் நூற்றாண்டு யூதக் கல்லறைகள். செல்போன் டார்ச் தேவைப்படும். இந்த இடம் அன்று ஊருக்கு வெளியே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம், யூதர்கள் ஊருக்குள் புதைக்க மாட்டார்கள். பளிங்கு போர்த்திய சன்னதியைவிட இதுதான் அந்தக் காலத்தைக் கண்ணில் காட்டும்.

ஆலயத்தை ஆறு திருச்சபைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கதவுச் சாவி இஸ்லாமியக் குடும்பத்திடம். முகப்பு ஜன்னலடியில் சாத்தியிருக்கும் ஏணியைக்கூட எடுக்க எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் அது அங்கேயே இருக்கிறது.

பொற்குவிமாடம் இருக்கும் ஹரம் என்னும் இஸ்லாமியப் புனித வளாகத்துக்கு இஸ்லாமியர் அல்லாதவர்கள் மேற்குச் சுவர் அருகே உள்ள மரப்பாலம் வழியாக மட்டுமே போகலாம். ஞாயிறு முதல் வியாழன் வரை, காலையில் சில மணி நேரமும் மதியம் சிறிது நேரமும் திறப்பார்கள். பண்டிகை நாட்களிலும் ரமலானிலும் இது மாறும். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பைபிள், ஜெபமாலை கொண்டுபோனால் சோதனையில் சிக்கல். கை, கால் மூடிய உடை வேண்டும். கட்டடங்களுக்குள் அனுமதி கிடையாது. திரும்பும்போது வேறு வாசல் வழியாக வெளியேறலாம்.

வெள்ளிக்கிழமையில் திட்டமெல்லாம் குலையும். ஹரம் இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு மூடியிருக்கும். பிற்பகலில் இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து நடக்கும் பிரான்சிஸ்கன் துறவிகளின் சிலுவைப்பாதை ஊர்வலம் சந்துகள் வழியே போகும். பதினான்கு ஸ்தலங்களையும் வழி தவறாமல் பார்க்க அவர்கள் பின்னால் நடப்பதே சுலபம். கடைசி ஐந்தும் ஆலயத்துக்குள்தான். சூரியன் மறைவதற்கு முன்பே ரயிலும் டிராமும் நின்றுவிடும், சனி இரவுதான் மறுபடி ஓடும். அன்றைக்கு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஒலிவமலைக்கு ஏறி நடக்காதீர்கள். வண்டியில் உச்சிக்குப் போய், காலை வெயில் முதுகில் பட அடிவாரத்தில் உள்ள கெத்செமனே தோட்டத்துக்கு இறங்குங்கள். உச்சியில் உள்ள பாட்டர் நோஸ்டர் ஆலயச் சுவரில் பரமண்டல ஜெபம் பல மொழிகளில் இருக்கிறது, தமிழும் உண்டு. ஞாயிறு அங்கே விடுமுறை. வழியில் உள்ள ஆலயங்கள் பல நடுப்பகலில் சாத்திவிடும், எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.