வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில்

கொழும்பு வெள்ளவத்தையில், சவோய் தியேட்டர் பக்கமிருந்து கால்வாய்க் கரையால் இறங்கி ஹெவ்லொக் வீதி மட்டும் நடந்தேன். முந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்த ஆக்கள் இப்ப இதே கரையில் சப்பாத்துப் போட்டு ஓடுகினம். நாற்றம் முழுசாப் போகேல்லை; மழை விட்ட அடுத்த நாள் பரவாயில்லை.

2010 நவம்பர் வெள்ளம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அதற்குப் பிறகுதான் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்புக் கால்வாய்களைத் திருத்தத் தொடங்கினார்கள். நடைபாதை எங்களுக்குக் கிடைத்த கொசுறு. உண்மையான வேலை, மழைத்தண்ணி கடலுக்கு ஓட வழிவிடுவது. அதுவும் லேசில்லை. அலை மணலைத் தள்ளி, கால்வாய் கடலில் விழுகிற வாயை அடைத்துவிடும், பெக்கோ இயந்திரம் வந்து வெட்டிவிடவேணும்.

ஹெவ்லொக் வீதிப் பக்கம் நிமிர்ந்து நிற்கிற அடுக்குமாடிகளின் நிலம் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. மலையாளத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருந்த இடம். 1933இல் இங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, இரண்டு வருசத்தில் அவரும் சேர்ந்து தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சியே பிறந்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு பலகை வைத்திருக்கலாம். "குப்பை போடாதீர்" பலகைக்கு மட்டும் குறைவில்லை.

அதன் கீழேயே ஒரு கபரகொய்யா, அதுதான் தண்ணிக்கரையில் திரிகிற பெரிய உடும்பு, யாரோ எறிந்த லன்ச் சீற்றைக் கிழித்து, சோற்றை விட்டுவிட்டு மீன்முள்ளை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஐயா, "தம்பி, கிட்டப் போகாதையும், வாலால அடிக்கும்" என்றார். நான் போகவில்லை. நீங்கள் போவதென்றால் காலையிலேயே போங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது.