ராத்திரி 5 மில்லி

நவம்பர் 4, 2025, செவ்வாய்

பாப்பாவுக்கு ஒரு வாரமாக மூக்கு ஒழுகுகிறது. காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். திருப்பூரில் பஞ்சுத் தூசியும் மழை ஈரமும் சேர்ந்தால் இப்படித்தான். அலர்ஜிதான் என்று சொல்லி, மாண்டெலுகாஸ்ட்டும் லீவோசெட்டிரிசினும் கலந்த சிரப் எழுதிக் கொடுத்தார் டாக்டர். ராத்திரி 5 மில்லி, ஒரு மாதத்துக்கு. இனிப்பாக இருப்பதால் மூடியை நக்கிவிட்டுத்தான் கொடுக்கிறாள்.

நவம்பர் 8, சனி

தும்மல் நின்றுவிட்டது. ஆனால் நேற்று ராத்திரி 2 மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தாள். "சுவரு கிட்ட வருதும்மா" என்று என் நைட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வேர்வை. எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று அத்தை உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். திருநீறு பூசிப் படுக்க வைத்தோம். மறுபடி 4 மணிக்கு அதே அழுகை.

நவம்பர் 11, செவ்வாய்

தினமும் இதே கதை. பகலில் எதற்கெடுத்தாலும் எரிச்சல். யூகேஜி மிஸ் கூப்பிட்டு, பென்சில் பாக்ஸைத் தூக்கி எறிந்தாள் என்றார். யாரையும் அதிர்ந்து பேசாத பிள்ளை. சாயங்காலம் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள், முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அழக்கூட இல்லை, என்னையே பார்த்தாள்.

நவம்பர் 12, புதன்

தூக்கம் வராமல் சிரப் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். எறும்பு மாதிரி எழுத்து. கெட்ட கனவு, தூக்கக் கலைவு, எரிச்சல், ஆக்ரோஷம். ஒவ்வொன்றும் என் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. முதல் வேளை கொடுத்தது 4ஆம் தேதி, முதல் அலறல் நான்காவது ராத்திரி.

காலையிலேயே போனேன். டாக்டர் மறுக்கவில்லை. மாண்டெலுகாஸ்ட்டால் சில பேருக்கு மனநிலை மாறுவது உண்டாம், பெரியவர்களுக்கும்தான். தற்கொலை எண்ணம் வரைக்கும் போனவர்கள் இருப்பதால், 2020 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டிருக்கிறது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து சரிப்படாதபோதுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. "பாப்பாவுக்கு வீசிங் இல்லைங்க, இன்னைக்கே நிறுத்திடலாம். ஆஸ்துமா இருக்கிற குழந்தைக்குக் கேட்காம நிறுத்தக் கூடாது" என்றார். மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து கொடுத்தார். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் அந்தத் தாள் ஒரு வாரமாக இருந்தது என்பதும் உண்மை.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்று ராத்திரியாக முழுத் தூக்கம். தும்மல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நாத்தனாருக்கும் போன் செய்தேன். அவர் பையனுக்கு 3 வயதுதான் ஆகிறது, வீட்டில் எப்போதும் ஒரு சளி சிரப் இருக்கும். குளோர்பெனிரமைன் என்ற அலர்ஜி மருந்தும் பினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார். பாட்டிலை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதேதான்.

நவம்பர் 19, புதன்

இந்த முறை மாமா. சளிக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார், அதிலும் குளோர்பெனிரமைன். ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம். ராத்திரி முழுக்கச் சிறுநீர் இறங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார், எங்களை எழுப்பக் கூச்சம். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். இந்தப் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் மூக்கைக் காய வைப்பதோடு சிறுநீர்ப்பையின் தசையையும் சுருங்க விடாமல் செய்யுமாம். வயதானவர்களுக்குத் தலைசுற்றல், மலச்சிக்கல், குழப்பம் வேறு. தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாமல் இருந்தாரே, அதுவரைக்கும் நல்லது.

நவம்பர் 23, ஞாயிறு

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வருஷக்கணக்காகத் தினம் ஒரு செட்டிரிசின், அலர்ஜி மாத்திரை. நீண்ட நாள் போட்டு நிறுத்தினால் சிலருக்கு உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வரும் என்று இந்த மே மாதம்தான் எஃப்.டி.ஏ. சொன்னது. போன வருஷம் நிறுத்திப் பார்த்தபோது அரித்துத் தள்ளியதை அலர்ஜி என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தேன். நாளைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பாப்பாவின் பள்ளி டைரி முதல் பக்கத்தில் மாண்டெலுகாஸ்ட் என்று எழுதி, வேண்டாம் என்று சிவப்பில் கோடு போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அன்னைக்கு ஏம்மா அடிச்ச?" என்றாள். மடியில் உட்கார வைத்து, அம்மா செய்தது தப்பு என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவைக் கேட்டாள்.