மறுபடியும் அதே பத்து டிகிரி

சேலத்தில் ஜாப் வொர்க் எடுக்கும் லேத் பட்டறைக்கு இன்ன உலோகம்தான் வரும் என்று கணக்கில்லை. காலையில் விசைத்தறியின் வார்ப்பிரும்பு வீல், மதியம் ஜவ்வரிசி ஆலைக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட், சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து காப்பி பல்ப்பருக்கு கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ். எஸ்.எஸ்ஸுக்கு 10 முதல் 15 டிகிரி ரேக், அதாவது வெட்டும் டூலின் மேல் முகச் சாய்வு, இருந்தால்தான் சுருள் ஒழுங்காக வரும். அதே டூலைக் கன்மெட்டலில் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் பூஜ்யம். ஆக ஒரு நாளில் நாலைந்து தடவை கிரைண்டர் பக்கம் போகவேண்டி வருகிறது.

டூல் உரசாமலிருக்க முனைக்குக் கீழே கொடுக்கும் சாய்வுதான் கிளியரன்ஸ். கைதேர்ந்தவர் வெறுங்கையிலேயே 10 டிகிரி கொண்டுவந்துவிடுவார். அடுத்த தடவை அதே 10 வருமா என்பதுதான் சிக்கல். 12 வந்தால் பழைய முகம் முழுக்க அழிந்து புது முகம் விழும்வரை கல்லில் பிடிக்கவேண்டும். அரை இன்ச் எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட் ஒன்று வெட்டித் தேய்வதைவிடத் தீட்டித் தேய்வதே அதிகம். டூலை ஒரே கோணத்தில் பிடித்துக் கல்லுக்குக் காட்டும் அமைப்புதான் ஜிக். அதில் அதே கோணத்துக்கு டூல் திரும்ப வந்தால் 0.1 மி.மீ. எடுத்தாலே முனை புதிதாகிவிடும்.

1900-ஐ ஒட்டி ஹைஸ்பீடு ஸ்டீலின் வெப்பப் பதத்தைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான அமெரிக்கப் பொறியாளர் எஃப்.டபிள்யூ. டெய்லர், டூல் தீட்டும் வேலையை லேத்காரரிடமிருந்து எடுத்து டூல் ரூமிடம் கொடுக்கச் சொன்னவர். நம் பட்டறைகளில் லேத்காரர், டூல் ரூம் இரண்டும் ஒரே ஆள்தான்.

6 இன்ச் பெஞ்ச் கிரைண்டருக்கான ஜிக்குக்குப் பழைய இரும்புக் கடைச் சாமானே போதும். டேபிளுக்கு 150 × 100 மி.மீ. அளவில் 10 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட். தாங்க 40 × 40 × 5 ஆங்கிள். டேபிள் சாயும் அச்சுக்கு டூவீலர் ஷாக் அப்சார்பர் ராடு நல்லது. கிரைண்டிங் செய்து குரோம் பூசியது, சீக்கிரம் தேயாது. அதை அளந்துவிட்டு ஓட்டையை ரீமர் (துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டு முடிக்கவேண்டும். டிரில் போட்ட ஓட்டையில் அப்படியே மாட்டினால் முதல் நாளே ஆட்டம் இருக்கும். அச்சு டேபிளின் கல் பக்க விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. பின்னால் தள்ளி வைத்தால் சாய்வை மாற்றும்போதெல்லாம் கல்லுக்கும் டேபிளுக்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த இடைவெளி 3 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் டூல் உள்ளே சிக்கிக் கல் உடையும். ஸ்லாட் போட்ட பட்டையும் எம்10 நட்டும் சாய்வைப் பூட்டும்.

டேபிள்மேல் கல் முகத்துக்கு இணையாக ஓடும் ஸ்லைடு வேண்டும். மில்லிங் வசதி இல்லாவிட்டால் 12 × 6 பிரைட் பட்டையை நடுவில் வைத்து, ஒரு பக்கம் மட்டும் ஒரு காகிதம் செருகி, இரு பக்கமும் பட்டைகளை ஸ்குரூ போட்டு இறுக்கலாம். காகிதத்தை உருவினால் ஓடுவதற்குத் தேவையான இடம் கிடைத்துவிடும். ஸ்லைடின்மேல் ஒரே போல்ட்டில் திரும்பும் ஹோல்டர். டூலைப் பிடிக்க 30 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 ஸ்குரூ. டூலின் வாலுக்குப் பின்னால் எம்6 ஸ்டாப் ஸ்குரூ. எம்6-இன் பிட்ச் 1 மி.மீ., கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. முன்னே போகும்.

சாய்வு வைக்க கோணமானியோடு மல்லாட வேண்டாம். எஸ்.எஸ். தகட்டில் அடி 100 மி.மீ. உள்ள செங்கோண ஆப்புகள் வெட்டிக்கொள்ளலாம்: 8 டிகிரிக்கு உயரம் 14.1, 10-க்கு 17.6, 12-க்கு 21.3, 15-க்கு 26.8 மி.மீ. டேபிளின் கல் பக்கம் மேலே, ஆள் பக்கம் கீழே சாய்ந்திருக்கும். ஆப்பின் சாய்ந்த விளிம்பை டேபிளில் படியவைத்து, மேலே வரும் 100 மி.மீ. விளிம்பில் ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவில் நிற்கவேண்டும். கிரைண்டரே மட்டத்தில் இல்லையென்றால் இதெல்லாம் பொய்.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில்தான். கல் வளைவானது. டூலின் பாதி உயரம் கல்லின் மையத்துக்கு நேராக இருந்தால்தான் டேபிள் சொல்லும் கோணம் டூலில் விழும். 150 மி.மீ. கல்லில் 5 மி.மீ. மேலே போனால் கிட்டத்தட்ட 4 டிகிரி கூடும். கல் 120-க்குத் தேய்ந்தபின் அதே 5 மி.மீட்டருக்கு 5 டிகிரி. மையத்தில் வைத்துவிட்டால் கல் தேய்ந்தாலும் கோணம் நகராது. இடைவெளியை மட்டும் சரிசெய்தால் போதும்.

இந்த அமைப்பில் ஒரு லாபம் உண்டு. டூல் டேபிளில் தட்டையாகப் படிந்திருக்கும்வரை ஹோல்டரை எப்படித் திருப்பினாலும் முனைக்குச் செங்குத்தான கிளியரன்ஸ் மாறாது. பக்க முகம், முன் முகம் இரண்டுக்கும் ஒரே சாய்வு. ரேக்கை மட்டும் டூலைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கடைசியில் தீட்டவேண்டும்.

கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் எச்.எஸ்.எஸ்ஸுக்கு ஆகாது, சீக்கிரம் மழுங்கி, வெட்டாமல் தேய்த்துச் சூடேற்றும். 60 அல்லது 80 கிரிட் வெள்ளைக் கல் வாங்கவேண்டும், மாட்டுமுன் தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்கவேண்டும். கல் முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஒற்றை வைர டிரெஸ்ஸரையும் அதே ஹோல்டரில் பிடித்து, தடவைக்கு 0.02 மி.மீ. வீதம் ஓட்டினால் கல் முகம் ஸ்லைடுக்கு இணையாகிவிடும். ஜிக் செய்துவிட்டுக் கல்லைக் கையால் டிரெஸ் செய்வது, மட்டப்பலகை வாங்கிவிட்டுக் கண்ணால் சுவர் வைப்பது போல. கல்லின் பக்கவாட்டில் தீட்டும் பழக்கமும் பட்டறைகளில் உண்டு. சாதாரணக் கல் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

ஜிக்கால் வரும் கெடுதல் ஒன்று உண்டு. கையில் பிடித்தால் டூல் கெடுவதற்கு முன்னால் விரல் சுடும். ஹோல்டரில் அந்த எச்சரிக்கை கிடையாது. அழுத்தம் தானாகக் கூடிவிடும். எச்.எஸ்.எஸ். 550 டிகிரி செல்சியஸ்வரை பதம் தாங்குவதால் லேசான நீலத்துக்குப் பயப்படவேண்டாம். சிவக்கவிட்டுத் தண்ணீரில் முக்கினால்தான் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, எஸ்.எஸ்ஸில் இறங்கியதும் முனை பொடியும்.

ஸ்லைடுக்கு எண்ணெய் போடக்கூடாது. கல்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் உலோகத்தைத் தேய்க்கும் லேப்பிங் பேஸ்ட்தான். கொஞ்ச நாளில் காகித இடைவெளி கால் மில்லி ஆட்டமாகிவிடும். உலர்ந்த பிரஷ் போதும்.

முனை வளைவு, 0.5 முதல் 0.8 மி.மீ., ஜிக்கில் வராது. ஆயில் ஸ்டோனில் கையால்தான். கல்லின் வளைவால் முகத்தில் விழும் சிறு குழிவு இங்கே உதவும்; ஸ்டோன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் படிவதால் நாலைந்து இழுப்பில் பிசிறு போய்விடும். இவ்வளவும் செய்தபிறகும் டூல் உரசினால், ஜிக்கைக் கழற்றுமுன் லேத்தில் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டைப் பார்க்கவேண்டும். 25 மி.மீ. ஷாஃப்ட்டில் டூல் சென்டருக்கு 1 மி.மீ. மேலே நின்றால் நாலரை டிகிரி கிளியரன்ஸ் அங்கேயே போய்விடும்.