வளவு லினக்ஸ்: கட்டினதும் கைவிட்டதும்

2021 அக்டோபரில் சொந்தமாக ஒரு லினக்ஸ் கட்ட ஆரம்பித்தேன். டெபியன் என்கிற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்பு வந்து இரண்டு மாதம். நகரக் கோயில் திருப்பணிக் கணக்கைத் தமிழிலேயே அடிக்க வேண்டும் என்றார்கள் அப்பச்சி. வீட்டில் இருந்ததோ 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். டெபியன் போட்டால் அதில் வைஃபை எழும்பாது. அப்போது அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில், அதாவது சிஸ்டத்தைப் போடுவதற்கான ஃபைலில், அந்த மாதிரி சிப்புகளை இயக்கும் ஃபர்ம்வேர் கிடையாது. தமிழ்99 விசைப்பலகையையும் தனியாகப் போட வேண்டும். எல்லாவற்றையும் உள்ளே வைத்து நாமே ஒரு டிஸ்ட்ரோ, அதாவது நமக்கென்று ஒரு லினக்ஸ் தொகுப்பு, கட்டினால் என்ன?

பெயரும் வால்பேப்பரும் முதல் நாளே தயார். வளவு. எங்கள் வீட்டு வளவை, அதாவது முற்றத்தை, தூணோடும் ஆத்தங்குடிக் கல்லோடும் போனில் எடுத்த படம். இந்த வேகம் அப்புறம் ஒரு நாளும் வரவில்லை.

கட்டியது லைவ்-பில்ட் என்கிற டெபியன் கருவியில். எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். அது டெபியனை இறக்கி, ஒரு ஃபோல்டருக்குள் முழு சிஸ்டமாக விரித்து, ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒரே ஃபைலாகச் சுருக்கி, ஐஎஸ்ஓவாகத் தந்துவிடும். கேட்க எளிது. என் கணினியில் இருந்தது டெபியன் 10இன் லைவ்-பில்ட். பாதுகாப்பு அப்டேட் இருக்கும் இடத்தின் பெயர் 11இல் மாறிவிட்டது அதற்குத் தெரியாது. பழைய முகவரியைத் தட்டி, 'அப்படி ஒன்று இல்லை' என்கிற 404 பிழையை வாங்கிக்கொண்டு நின்றது. அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு ராத்திரி.

ரவுட்டர் முகப்பில். நான் உள்ளே தள்ளி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். நடுவில் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள். சிக்னல் வராது, அதனால் போன் டேட்டாவில்தான் பில்ட். ஒரு நாள் பாதியில் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் பதற்றத்தில், பாதி பில்டைத் துடைக்கும் கிளீன் கட்டளையை 'பர்ஜ்' சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வெறும் கிளீன் என்றால் இறக்கி வைத்த பேக்கேஜ்கள் தங்கியிருக்கும். பர்ஜ் என்றால் அவை இருக்கும் கேஷும் போய்விடும். அன்றைய டேட்டா முழுக்க வீண்.

ரொம்ப நாள் இழுத்தது தமிழ்99. விசைப்பலகை அமைப்புகளில் தயாராக இருக்கும் தமிழ் லேஅவுட்டைப் போட்டேன். 'பக்கம்' அடிக்கச் சொன்னேன். அப்பச்சி பழக்கப்படி க-வை இரண்டு தரம் தட்ட, 'பககம்' என்று வந்தது. அந்த லேஅவுட் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் போடும். தானாகப் புள்ளி வைக்கிற தமிழ்99 விதி அதற்குத் தெரியாது. அந்த விதி தெரிந்த ஐபஸ், எம்17என் என்கிற தட்டச்சு மென்பொருள்களைப் போட்ட பிறகுதான் சரியானது. அதற்கான அமைப்பை நான் பயனரின் ஹோம் ஃபோல்டரிலேயே வைத்திருந்தேன், அது தப்பு. டிஸ்கில் போடாமல் ஐஎஸ்ஓவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தில் பயனர் உருவாவதே பூட் ஆகும்போதுதான். ஹோம் ஏற்கெனவே இருந்தால், புதுப் பயனருக்கான மாதிரி ஃபோல்டரான ஸ்கெல்லில் இருந்து ஒன்றும் நகலாகாது. எல்லாவற்றையும் ஸ்கெல்லுக்கு மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐம்பது நிமிஷ பில்ட்.

ஒருவழியாக ஓடியது. மொத்தப் பயனர்கள் மூன்று பேர்: அப்பச்சி, எதிர்வீட்டு அண்ணன், நான். போட்ட மெஷினுக்கு டெபியனிலிருந்தே அப்டேட் வந்துவிடும், அதில் தொல்லையில்லை. ஆனால் ஐஎஸ்ஓ அப்படியில்லை, பலகாரம் மாதிரி நமுத்துப்போகும். ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒருவருக்குப் போட்டால் முதல் வேலையே நூற்றுக்கணக்கில் அப்டேட். மறுபடி கட்ட வேண்டும், சோதிக்க வேண்டும்.

2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வந்தது. ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்ப்பதென்று 2022இல் வாக்கெடுத்து முடிவு செய்திருந்தார்கள். அதை அப்படியே பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். வைஃபை தானாக எழும்பியது. எனக்குச் சந்தோஷமாக இல்லை, உண்மையைச் சொன்னால்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். டெபியனைக் கழித்தால் என் வளவில் மிஞ்சியது பதினான்கு பேக்கேஜ், ஒரு ஸ்கெல் ஃபோல்டர், ஒரு படம். பேக்கேஜையும் ஸ்கெல்லையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு ஃபைலில், எழுதினேன். இருபது வரிகூட வரவில்லை. பில்ட் ஃபோல்டரை அழித்ததும் டிஸ்கில் 30 ஜிபிக்கு மேல் காலியானது.

மறுநாள் அப்பச்சி லேப்டாப்பைத் திறந்து கணக்கை அடித்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வளவுப் படத்தை ஏன்ப்பா எடுத்த?" என்றார்கள். ஸ்கிரிப்டில் கடைசியாகச் சேர்த்த வரி அந்தப் படத்துக்கு.