ஏழு பேரில் ஐந்து கை

நியூ ஜெர்சியில் பக்கத்து மனைக்காரர், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் ஜோனிங் விதியிலிருந்து வேரியன்ஸ், அதாவது விலக்கு, கேட்டால், 200 அடி சுற்றளவில் இருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பு நோட்டீஸ் வந்தாக வேண்டும், பெரும்பாலும் சர்ட்டிஃபைட் மெயிலில். வாடகைக்கு இருப்பவருக்கு அது வராது. ஆனால் பாதிக்கப்படுகிறவர் என்ற முறையில் எழுந்து பேச அவருக்கும் உரிமை உண்டு. நோட்டீஸே சரியாகப் போகவில்லை என்றால் வழக்கைக் கேட்கவே ஊரின் போர்டுக்கு அதிகாரம் இல்லை.

பிளானிங் போர்டா ஜோனிங் போர்டா என்பதை முதலில் பாருங்கள். பிளானிங் போர்டு முன் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில் ஏற்கெனவே அனுமதி உள்ள உபயோகம்தான். அங்கே போய் "ரோட்டில் டிராஃபிக் கூடும்" என்று எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. வெளிச்சாலை நெரிசலைக் காட்டி அனுமதிக்கப்பட்ட உபயோகத்தை மறுக்க முடியாது என்று நார்த் பிரன்ஸ்விக் டன்கின் டோனட்ஸ் வழக்கில் 1984இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கார் உள்ளே நுழையும் வாய், லாரி திரும்பும் இடம், விளக்கு, வடிகால் இவற்றைப் பிடியுங்கள்.

ஜோனிங் போர்டில் ஆட்டம் வேறு. குடியிருப்புப் பகுதியில் கடை, அனுமதித்த உயரத்தைவிட 10 அடியோ 10 சதவீதமோ தாண்டும் கட்டடம், கூடுதல் வீட்டு அடர்த்தி எல்லாம் 'டி' என்ற வகை வேரியன்ஸில் வரும். இதற்கு 5 ஆதரவு ஓட்டு வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. போர்டில் இருப்பது 7 பேர். அன்று 5 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஒருவர் தலையாட்ட மறுத்தாலே விண்ணப்பம் விழுந்துவிடும். பில்டரின் வக்கீல் அறைக்குள் நுழைந்ததும் தலைகளை எண்ணுவது இதனால்தான். கணக்கு இடித்தால் தள்ளிவைக்கக் கேட்பார். வராத உறுப்பினர் பதிவைக் கேட்டோ படித்தோ அதை எழுத்தில் உறுதிசெய்தால் பிறகு ஓட்டுப் போடலாம்.

எதிர்ப்பாளர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில். தள்ளிவைத்த தேதியைக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டால் இன்னொரு கடிதம் வராது. பத்தரை மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு கிளம்பிப் போனவருக்கு அடுத்த தேதி தெரியாமலே போகும்.

வரைபடங்களும் அறிக்கைகளும் விசாரணைக்கு 10 நாள் முன்பே டவுன்ஷிப் (உள்ளூராட்சி) அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். போய்ப் பாருங்கள். டிராஃபிக் அறிக்கையில் வண்டிகளை எண்ணிய நாள் எது? பள்ளி விடுமுறையில் எண்ணியிருந்தால் காலை 8 மணிக் கணக்கு பொய். வடிகாலில், ஒரு ஏக்கர் நிலத்தைக் கிளறினாலோ கால் ஏக்கர் புதிதாகத் தளம் போட்டாலோ மாநில மழைநீர் விதி முழுசாகப் பாயும். அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திய பிளான்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மிக உயரமான கட்டடங்கள் தவிர மற்ற அடுக்ககங்களுக்கு பார்க்கிங் மாநிலக் கணக்கு: ஒரு படுக்கையறை வீட்டுக்கு 1.8 இடம், இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2.0. "ஒரு வீட்டுக்கு மூணு கார்" என்ற நம் வாதம் அங்கே எடுபடாது.

ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் பொதுமக்களைக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். கேள்வி மட்டும். பிரசங்கம் ஆரம்பித்தால் தலைவர் வெட்டிவிடுவார். கருத்து சொல்லும் முறை கடைசியில், சத்தியம் செய்தபின். ஐந்நூறு கையெழுத்து வாங்கிய மனுவைக் கொண்டுபோய் நீட்டினால் அது சாட்சியம் ஆகாது. கையெழுத்திட்டவரை யார் குறுக்கு விசாரணை செய்வது? பள்ளியில் பிள்ளைகள் கூடுவார்கள் என்பதும் மறுக்கச் சட்டக் காரணம் இல்லை.

எதிர்ப்புச் சத்தத்துக்கு போர்டு வளைந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பைப் பாருங்கள். ஒரு மசூதிக்கு 39 விசாரணை நடத்தி, 50 பார்க்கிங் இடம் போதாது 107 வேண்டும் என்று இழுத்து, 2015 டிசம்பரில் மறுத்தார்கள். மசூதித் தரப்பு வழக்குப் போட்டது. 2017இல் அவர்களுக்கு 32.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசம், கட்டவும் அனுமதி. கோயில் கட்டக் கிளம்பும் நம் ஆட்களும் அந்த வழக்கைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

முடிவு பிடிக்கவில்லை என்றால், அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். நீதிபதி பார்ப்பது போர்டு முன் பதிவானதை. அன்று மைக் முன் கேட்காத கேள்வியை அங்கே போய்க் கேட்க வழியில்லை.